எண்ணிய தலைகள், எழுதாத பெயர்கள்: கனடாவின் திருச்சபை வதிவிடப் பள்ளிகளும் அவற்றின் ஏடுகளும்

கனடாவின் உண்மை, நல்லிணக்க ஆணையம் 2015-ல் வெளியிட்ட இறுதி அறிக்கையில் ஒரு கணக்கு வருகிறது. திருச்சபைகள் நடத்திய வதிவிடப் பள்ளிகளில் பூர்வகுடிக் குழந்தைகள் 3,200 பேருக்கு மேல் இறந்ததை ஆணையம் பழைய ஏடுகளிலிருந்து திரட்டியிருந்தது. அந்த மரணங்களில் 32 விழுக்காட்டில் குழந்தையின் பெயர் இல்லை. 23 விழுக்காட்டில் ஆணா பெண்ணா என்பதும் இல்லை. 49 விழுக்காட்டில் எதனால் இறந்தது என்று எவரும் எழுதி வைக்கவில்லை.

எழுதும் பழக்கம் இல்லாத இடங்களல்ல இவை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பள்ளியும் ஒட்டாவாவுக்குக் காலாண்டு அறிக்கை அனுப்பியது. எந்தக் குழந்தை, எந்த எண், எத்தனை நாள் வருகை என்று அதில் வரிசையாக இருக்கும். அரசு தரும் பணம் அந்த வரிசையைப் பார்த்தே வந்தது. உயிரோடு இருந்த குழந்தையை இவ்வளவு நுணுக்கமாக எண்ணிய நிறுவனம், இறந்த குழந்தையின் பெயரை எழுதாமல் விட்டது எப்படி? வழக்கமாக இதற்குச் சொல்லப்படும் விடை அலட்சியம் என்பது. அந்த விடை எனக்குப் போதவில்லை. எண்ணியதும் எழுதாமல் விட்டதும் ஒரே பண ஏற்பாட்டிலிருந்து பிறந்தவை என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்த ஏற்பாடு எப்படி உருவானது, பள்ளிகள் மூடிய பிறகும் அதன் நிழல் இழப்பீட்டுப் படிவங்கள்வரை எப்படி நீண்டது என்பதைக் காலவரிசையில் பார்க்கலாம்.

கேட்ட பள்ளியும் கிடைத்த பள்ளியும்

பூர்வகுடிகள் கல்வியை மறுத்தார்கள், அதனால் அவர்கள்மேல் திணிக்கவேண்டி வந்தது என்ற கதை நெடுங்காலம் சொல்லப்பட்டது. ஆவணங்கள் வேறொன்றைச் சொல்கின்றன. பெரிய ஏரிகளின் வடகரையில், சூ செயின்ட் மரீ பகுதியில் ஒஜிப்வே மக்களின் தலைவராக இருந்த ஷிங்வாக் 1830களிலேயே தம் மக்களுக்கு ஆசிரியர் வேண்டுமென்று ஆளுநரிடம் கேட்டவர். வெள்ளையரின் எழுத்தையும் கணக்கையும் தம் பிள்ளைகள் தம் மண்ணிலேயே, தம் முறையோடு சேர்த்துக் கற்கவேண்டும் என்பது அவர் எண்ணம். ‘கற்பிக்கும் குடில்’ என்பது அவர் கனவுக்கு அந்த மக்கள் வைத்த பெயர். அவருடைய மகன் அகஸ்டின் ஷிங்வாக் 1871-ல் தெற்கே நகரங்களுக்குப் பயணம் போய் அதே கோரிக்கையை வைத்தார். ஆங்கிலிக்கன் மதகுரு ஒருவரின் முயற்சியில் 1873-ல் பள்ளி திறந்தது. ஆறே நாளில் தீக்கிரையானது. 1875-ல் வேறிடத்தில் மீண்டும் எழுந்தது. தலைவர் கேட்ட குடில் பின்னாளில் ஷிங்வாக் இந்திய வதிவிடப் பள்ளியானது.

மேற்குச் சமவெளியிலும் இதுவே நடந்தது. 1871 முதல் 1877 வரை அரசு ஏழு ஒப்பந்தங்கள் செய்து பெருநிலப்பரப்பை எடுத்துக்கொண்டது. அதற்கு ஈடாக அளித்த வாக்குறுதிகளில் பள்ளியும் இருந்தது. முதல் ஒப்பந்தத்தின் வாசகம் தெளிவானது: ஒவ்வொரு ஒதுக்கீட்டு நிலத்திலும் அரசு ஒரு பள்ளி நடத்தும். பள்ளி ஊருக்குள் இருக்கவேண்டும், பிள்ளை மாலையில் வீட்டுக்குத் திரும்பவேண்டும் என்பதே கையெழுத்திட்டவர்கள் புரிந்துகொண்ட பொருள்.

அந்தப் பள்ளி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. வேறொரு சிந்தனை அதற்கு முன்பே வேரூன்றியிருந்தது. பிரான்ட்ஃபோர்ட் அருகே ஆங்கிலிக்கன் மிஷன் அமைப்பொன்றின் மோஹாக் நிறுவனம் 1830களின் தொடக்கத்திலேயே குழந்தைகளைத் தங்கவைத்துக் கற்பிக்கத் தொடங்கிவிட்டது. மேல் கனடாவின் கல்வித் தலைவர் எகெர்ட்டன் ரையர்சன் 1847-ல் அரசு கேட்டதற்கிணங்க ஓர் அறிக்கை எழுதினார். பூர்வகுடிகளுக்கு வேண்டியவை சமயமும் உடலுழைப்பும் சேர்ந்த தொழிற்பள்ளிகள், மாணவர்கள் அங்கேயே தங்கவேண்டும் என்றார். டொரன்டோவில் அவர் பெயரைத் தாங்கியிருந்த பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பிள்ளைகள் ஏராளமானோர் படித்திருக்கிறார்கள். 2022-ல் அது டொரன்டோ மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியதற்கு இந்த அறிக்கையே காரணம்.

1879-ல் நிக்கலஸ் ஃபிளட் டேவின் என்ற பத்திரிகையாளர் அமெரிக்கா சென்று அங்குள்ள தொழிற்பள்ளிகளைப் பார்த்துவிட்டு வந்து ஒரு அறிக்கை தந்தார். கனடாவும் அப்படியே தொடங்கலாம், திருச்சபைகளிடம் ஒப்படைக்கலாம் என்றார். அதற்கு அவர் சொன்ன காரணத்தை ஊன்றிக் கவனிக்கவேண்டும். சமய ஆர்வம் உள்ளவருக்குச் சம்பளத்துக்கு அப்பாற்பட்ட ஓர் உந்துதல் இருக்கும் என்றார். பிற்கால வரலாறு முழுவதும் இந்த ஒரு கணக்கில் அடங்கியிருக்கிறது: பக்தி உள்ளவர் குறைந்த பணத்துக்கு வேலை செய்வார்.

1883-ல் தலைமை அமைச்சர் ஜான் ஏ. மெக்டொனால்ட் நாடாளுமன்றத்தில் பேசும்போது கொள்கையை மறைக்கவில்லை. ஊருக்குள் பள்ளி இருந்தால் பிள்ளை பெற்றோரோடு இருக்கும், பெற்றோர் காட்டுமிராண்டிகள், பிள்ளையும் எழுதப் படிக்கத் தெரிந்த காட்டுமிராண்டியாகவே வளரும் என்பது அவர் வாதம். ஆகவே பிரிக்கவேண்டும். பேட்டில்ஃபோர்டில் ஆங்கிலிக்கன் திருச்சபை, குவாப்பெல்லிலும் ஹை ரிவரிலும் கத்தோலிக்கத் திருச்சபை என்று மூன்று தொழிற்பள்ளிகள் அடுத்தடுத்துத் தொடங்கின. பெயர் தொழிற்பள்ளியானாலும் விடுதிப் பள்ளியானாலும், நாளடைவில் எல்லாமே வதிவிடப் பள்ளி என்ற ஒரே பெயருக்குள் வந்தன. மொத்தம் ஏறத்தாழ 1,50,000 குழந்தைகள் அவற்றின் வழியே போனார்கள்.

தலைக்கு இவ்வளவு

தொடக்கத்தில் தொழிற்பள்ளிகளின் செலவை அரசு நேரடியாக ஏற்றது. செலவு ஏறியதும் 1892-ல் முறையை மாற்றியது. ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. எத்தனை குழந்தைக்குத் தரலாம் என்பதற்கு ஓர் உச்சவரம்பு. இதுதான் தலைவீத மானியம். சாப்பாடு, துணி, விறகு, சம்பளம் எல்லாவற்றையும் பள்ளி அதற்குள் பார்த்துக்கொள்ளவேண்டும்.

நம் ஊர் உதவிபெறும் பள்ளிகளில், எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் போய்விடுமே என்று கோடை விடுமுறையில் வீடு வீடாக ஏறி இறங்கும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறோம். நம் ஊரில் பெற்றோர் முடியாது என்று சொல்லிவிடலாம். சஸ்காட்செவனில் ஒரு க்ரீ தாய் அப்படிச் சொல்வது ஆண்டுக்கு ஆண்டு கடினமாயிற்று. 1894-ல் இந்தியர் சட்டத்தில் கட்டாயத்துக்கு வழி திறந்தது. 1920-ல் டங்கன் காம்ப்பெல் ஸ்காட் இந்தியர் விவகாரத் துறையின் தலைமை அதிகாரியாக இருந்தபோது, 7 முதல் 15 வயது வரையுள்ள குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் துறைக்கு வந்தது. பிள்ளையை அனுப்பாத பெற்றோரைத் தண்டிக்கலாம். தப்பியோடிய பிள்ளையைக் காவலர் பிடித்து வரலாம்.

இந்த மானிய முறைக்குள் ஒரு பள்ளித் தலைவராக உட்கார்ந்து யோசித்தால் விளைவுகள் தாமாகவே புலப்படும். படுக்கை காலியாக இருந்தால் பணம் நட்டம். எனவே நோயுற்ற குழந்தையையும் சேர்க்கத் தோன்றும். சேர்த்த பின் வீட்டுக்கு அனுப்பத் தோன்றாது. பக்கத்து ஊர்க் கத்தோலிக்கப் பள்ளி பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போவதற்குள் ஆங்கிலிக்கன் பள்ளி போய்ப் பிடிக்கவேண்டும். உணவுச் செலவைக் குறைக்க வேண்டும். கூலியாளுக்குப் பணம் இல்லாததால் பிள்ளைகளே மாடு மேய்க்கவேண்டும், விறகு பிளக்கவேண்டும், துணி வெளுக்கவேண்டும். அரை நாள் பாடம், அரை நாள் வேலை என்ற முறை தொழிற்பயிற்சி என்ற பெயரில் வந்து பள்ளியைத் தாங்கிப் பிடிக்கும் உழைப்பாக நிலைத்தது. இவற்றில் எதற்கும் தனியாகக் கெட்ட எண்ணம் தேவைப்படவில்லை. கெட்ட எண்ணமும் வந்து சேர்ந்த இடங்களில் என்ன நடந்தது என்பதைப் பின்னாளில் நீதிமன்றங்கள் கேட்டன.

பீட்டர் பிரைஸ் இந்தியர் விவகாரத் துறையின் தலைமை மருத்துவ அதிகாரி. 1907-ல் அவர் சமவெளி மாகாணங்களின் 35 பள்ளிகளைப் பற்றி அறிக்கை தந்தார். சேர்ந்த மாணவர் எத்தனை பேர், அவர்களில் இப்போது உயிரோடு இருப்பவர் எத்தனை பேர் என்று பள்ளிகளுக்கு வினாப்படிவம் போனது. 15 பள்ளிகள் பதில் தந்தன. அந்தப் பதில்களில் இருந்த 1,537 மாணவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இறந்திருந்தார். பெரும்பாலும் காசநோய். காற்றோட்டம் இல்லாத, நெருக்கமான படுக்கைக் கூடங்களைப் பிரைஸ் காரணமாகச் சுட்டினார்.

அந்த அறிக்கையில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது நான்கில் ஒன்று என்ற விகிதம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொரு வரி. ஒரே ஒரு பள்ளி முற்றிலும் துல்லியமான கணக்கைக் கொடுத்தது என்கிறார் பிரைஸ். அந்தப் பள்ளியின் பழைய மாணவர்களில் 69 விழுக்காட்டினர் இறந்திருந்தனர். சஸ்காட்செவனின் ஃபைல் ஹில்ஸ் பள்ளி அது. ஒரு பள்ளியின் எண்ணை வைத்து எல்லாப் பள்ளிகளையும் அளக்க முடியாது. ஃபைல் ஹில்ஸ் மிக மோசமான பள்ளியாகவே இருந்திருக்கலாம். ஆனாலும் ஏடு முழுமையாக இருந்த இடத்தில் சாவு 69 என்றும், அரைகுறையாக இருந்த இடங்களையும் சேர்த்தால் 25 என்றும் வருவது ஓர் ஆய்வாளரை உறங்கவிடாத வேறுபாடு. பிரைஸின் பரிந்துரைகளைத் துறை கிடப்பில் போட்டது. செலவு அதிகம் என்றது. ஓய்வுபெற்ற பிறகு 1922-ல் பிரைஸ் இதையெல்லாம் ‘ஒரு தேசியக் குற்றத்தின் கதை’ என்ற பெயரில் சிறு நூலாகத் தாமே வெளியிட்டார். அப்போதும் முறை மாறவில்லை.

1937-38-ல் வதிவிடப் பள்ளிக் குழந்தை ஒருவருக்கு அரசு தந்த சராசரித் தொகை ஆண்டுக்கு 180 டாலர். அதே காலத்தில் மனிட்டோபாவின் காதுகேளாதோர் பள்ளி ஒரு குழந்தைக்குப் பெற்றது 642 டாலர். நன்றாக நடக்கும் ஒரு விடுதிக்கு 541 டாலர் தேவை என்று அமெரிக்கக் குழந்தைகள் நல அமைப்பொன்று கணித்திருந்தது. திருச்சபைகள் பற்றாக்குறையைச் சொல்லி ஒட்டாவாவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தன என்பதும் உண்மை. ஆனால் இந்தப் பணத்தில் குழந்தைகளை வளர்க்க முடியாது, பள்ளியை மூடுகிறோம் என்று சொல்ல அவை துணியவில்லை. ஆன்மாக்களை எதிர்ச் சபையிடம் விட்டுக்கொடுக்க மனமில்லை. தலைவீத முறை 1957 வரை நீடித்தது.

பசி எந்த அளவுக்கு இயல்பாகிவிட்டது என்பதற்கு ஒரு சான்று போதும். 1948 முதல் 1952 வரை கூட்டரசின் ஊட்டச்சத்து நிபுணர்கள் ஆறு வதிவிடப் பள்ளிகளில் ஆய்வு நடத்தினார்கள். ஏற்கெனவே சத்துக்குறைவோடு இருந்த குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு வேண்டுமென்றே கூடுதல் உணவு தராமல் வைத்து ஒப்பிட்டார்கள். பெற்றோரிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை. வரலாற்றாசிரியர் இயன் மோஸ்பி 2013-ல் எழுதிய பிறகே பொதுமக்களுக்கு இது தெரிந்தது.

அகராதி எழுதிய கை

தமிழ் வாசகர் ‘மிஷன் பள்ளி’ என்ற சொல்லைக் கேட்டால் மனத்தில் எழும் உருவம் வேறு. வட்டுக்கோட்டை செமினறி, 1824-ல் ஹாரியட் வின்ஸ்லோ தொடங்கிய உடுவில் மகளிர் பள்ளி, அவர் கணவர் மைரன் வின்ஸ்லோ 1862-ல் பதிப்பித்த தமிழ் அகராதி என்று நன்றியோடு நினைக்கும் பட்டியல் நம்மிடம் உண்டு. அந்தப் பள்ளிகளிலும் பெயர் மாற்றம் நடந்தது. விடுதிப் பிள்ளைகளுக்கு அமெரிக்க நன்கொடையாளர்களின் பெயர்களைச் சூட்டினார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவரான கறோல் விசுவநாதபிள்ளையின் பெயரின் முன்பாதி அப்படி வந்ததுதான். ஆனால் பின்பாதி அவரிடமே இருந்தது. மாலையில் பேசத் தமிழ் இருந்தது. மதம் பிடிக்காவிட்டால் விலகிப்போக ஒரு சமூகம் இருந்தது. ஆறுமுக நாவலர் எதிர்த்து நின்று தம் பள்ளியைத் தாமே தொடங்க முடிந்தது.

கனடாவில் அந்த வாசல் அடைபட்டதை ஒரு மனிதரின் வாழ்விலேயே பார்க்கலாம். அல்பெர் லக்கோம்ப் அமலமரித் தியாகிகள் சபைத் துறவி. சமவெளியில் க்ரீ மக்களோடு பல்லாண்டு அலைந்து அவர்கள் மொழியைக் கற்று, 1874-ல் பெரியதொரு க்ரீ அகராதியை வெளியிட்டவர். 1884-ல் ஹை ரிவர் தொழிற்பள்ளி திறந்தபோது அதன் முதல் தலைவர் அவரே. ஒரு மொழிக்குச் சொற்களைச் சேர்த்துக் கொடுத்தவர், பிள்ளைகளை வீட்டு மொழியிலிருந்து பிரிப்பதற்கென்றே அமைந்த நிறுவனத்தின் தலைமையில் அமர்ந்தார். மிஷனரியாகத் தனியே போனபோது அவர் மக்களை நம்பி வாழவேண்டியிருந்தது, அதனால் மொழியைக் கற்றார். அரசின் பணத்தோடும் சட்டத்தோடும் திரும்பி வந்தபோது கற்கவேண்டிய கட்டாயம் பிள்ளைகளுடையதாயிற்று. அமலமரித் தியாகிகள் 1841-ல் கனடாவிலும் 1847-ல் இலங்கையிலும் கால் பதித்தவர்கள். யாழ்ப்பாணத்துப் புனித பத்திரிசியார் கல்லூரியை வளர்த்த சபையும், கனடாவின் கத்தோலிக்க வதிவிடப் பள்ளிகளில் பெரும்பான்மையை நடத்திய சபையும் ஒன்றே. ஒரே சபை, ஒரே செபம். வேறுபட்டது அதற்குப் பின்னால் நின்ற அரசும், அந்த அரசுக்கு வேண்டியிருந்த நிலமும்.

தாய்மொழி பேசியதற்காக அடிபட்டதாகவும், வாயில் சவர்க்காரம் வைத்ததாகவும், தம்பியும் அக்காளும் ஒரே கட்டடத்தில் இருந்தும் பேச முடியாமல் போனதாகவும் உயிர்தப்பியவர்கள் ஆணையத்தின்முன் சொன்னார்கள். துணியில் எண் தைத்திருந்தது. கூப்பிட்டதும் எண்ணைச் சொல்லித்தான். முதுமையிலும் பலருக்குத் தம் எண் மறக்கவில்லை. நல்ல ஆசிரியர்களை, இசையை, ஹாக்கி ஆட்டத்தை அன்போடு நினைத்துப் பேசியவர்களும் உண்டு. ஆணையம் அவற்றையும் பதிவு செய்தது. அந்தச் சாட்சியங்கள் மற்றவற்றைப் பொய்யாக்கவில்லை.

புதைத்த இடம்

குழந்தை இறந்தால் உடலை ஊருக்கு அனுப்பும் செலவைத் துறை பொதுவாக ஏற்பதில்லை. பள்ளி அருகிலேயே புதைத்தார்கள். மரச்சிலுவை சில குளிர்காலங்களில் சாய்ந்துவிடும். பள்ளி மூடியதும் நிலம் கைமாறியது. 1914-ல் மூடிய பேட்டில்ஃபோர்டு பள்ளியின் இடுகாட்டை 1974-ல் சஸ்காட்செவன் பல்கலைக்கழக மாணவர்கள் அகழ்ந்து 70-க்கும் மேற்பட்ட குழிகளைக் கண்டார்கள். 2021-க்கு அரை நூற்றாண்டு முன்னரே இது தெரிந்த செய்தி.

தப்பியோடி இறந்தவர்களும் உண்டு. 1937 புத்தாண்டு நாளில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் லெஜாக் பள்ளியிலிருந்து வீட்டுக்குப் புறப்பட்ட நான்கு சிறுவர்கள் உறைந்த ஏரியின்மேல் விறைத்துக் கிடந்தார்கள். 1966 அக்டோபரில் சானி வென்ஜாக் என்ற 12 வயதுச் சிறுவன் கெனோராவில் இருந்த பள்ளியிலிருந்து தன் தந்தையைத் தேடி இருப்புப்பாதை வழியே நடந்தான். வீடு ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. குளிரில் அவன் இறந்த பிறகு நடந்த விசாரணை நாடு முழுதும் செய்தியானது. எத்தனையோ பேருக்கு விசாரணையே நடக்கவில்லை. மரணத்தை எப்படி விசாரித்துத் தெரிவிக்கவேண்டும் என்று துறை ஒரு நடைமுறை வகுத்ததே 1935-ல்தான்.

இறந்த குழந்தைக்கு மானியம் இல்லை. அதனால் அதன் பெயர் அடுத்த காலாண்டின் வரிசையிலிருந்து விழுந்துவிடும். அந்த இடத்தில் வேறொரு குழந்தை ஏறும். பணம் கேட்கும் ஏட்டுக்கு அது போதுமானது. ஆண்டறிக்கையில் ‘இவ்வாண்டு இறந்தோர் நால்வர்’ என்பதுபோல் ஒரு எண் மட்டும் மிஞ்சும். பெயரில்லா 32 விழுக்காடு இப்படித்தான் உருவானது என்று நான் கருதுகிறேன். பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க உதவியிருக்கக்கூடிய காலாண்டு அறிக்கைகளும் எஞ்சவில்லை. பள்ளி அறிக்கைகளை ஐந்தாண்டிலும் விபத்து அறிக்கைகளைப் பத்தாண்டிலும் அழிக்கலாம் என்று 1930களில் ஒரு விதி வந்தது. 15 டன் காகிதம் கழிவாகப் போனது. 1936-க்கும் 1944-க்கும் இடையே துறையின் 2 லட்சம் கோப்புகள் அழிக்கப்பட்டன.

ஏட்டின்முன் மீண்டும்

1969-ல் அரசு திருச்சபைகளோடு இருந்த கூட்டை முறித்துப் பள்ளிகளைத் தானே ஏற்றது. 1970-ல் அல்பெர்ட்டாவின் புளூ குவில்ஸ் பள்ளியில் பெற்றோர்கள் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தி நிர்வாகத்தைத் தம் கையில் வாங்கினார்கள். மற்றவை ஒவ்வொன்றாக மூடின. சஸ்காட்செவனின் கார்டன்ஸ் பள்ளி மூடியது 1996-ல்.

மௌனம் உடைந்த கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1990-ல் மனிட்டோபா பூர்வகுடித் தலைவர் ஃபில் ஃபொன்டேன் தாம் சிறுவயதில் பள்ளியில் அனுபவித்த வன்கொடுமையைத் தொலைக்காட்சியில் சொன்னார். அதன்பின் பேசத் தொடங்கியவர்கள் பலர், வழக்குகள் பெருகின. 2005-ல் உச்ச நீதிமன்றம் ஆல்பர்னி பள்ளி வழக்கில் பொறுப்பை அரசுக்கு 75 விழுக்காடு, ஐக்கியத் திருச்சபைக்கு 25 விழுக்காடு என்று பிரித்தது. மன்னிப்புகள் வந்தன: 1991-ல் அமலமரித் தியாகிகள், 1993-ல் ஆங்கிலிக்கன், 1994-ல் பிரெஸ்பிட்டேரியன், 1998-ல் ஐக்கியத் திருச்சபை. ஐக்கியத் திருச்சபை அதற்கு முன்பே, 1986-ல், சட்பரி நகரில் பூர்வகுடி மூத்தோரிடம் பொதுவாக மன்னிப்புக் கேட்டிருந்தது. மூத்தோர் அதைக் கேட்டுக்கொண்டோம் என்றார்கள். ஏற்றுக்கொண்டோம் என்று சொல்லவில்லை. அந்த இடத்தில் எழுப்பிய கற்குவியலை முடிக்காமலே விட்டிருக்கிறார்கள். 2008 ஜூன் 11-ல் தலைமை அமைச்சர் ஸ்டீவன் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

என் வாதத்துக்கு முக்கியமானது 2007-ல் நடைமுறைக்கு வந்த தீர்வு ஒப்பந்தம். வதிவிடப் பள்ளியில் இருந்த ஒவ்வொருவருக்கும் முதல் ஆண்டுக்கு 10,000 டாலர், அடுத்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 3,000 டாலர். இருந்தேன் என்பதை ஏடு உறுதிப்படுத்தவேண்டும். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. ஏறத்தாழ 79,000 பேருக்குப் பணம் கிடைத்தது. மறுக்கப்பட்டவர்களில் பட்டியலில் இல்லாத பள்ளிக்குப் போனவர்களும் உண்டு. துறையே அழித்த காகிதத்தைக் கொண்டுவர முடியாதவர்களும் உண்டு. எழுபது வயதில் ஒரு பாட்டி தாம் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை அங்கே இருந்தோம் என்று அதிகாரியிடம் நிறுவவேண்டியிருந்தது. தலைவீத மானியம் குழந்தையைப் பள்ளிக்காக எண்ணியது. அதே ஏடு இப்போது அவளை எதிர்த்து நின்றது.

இதே ஒப்பந்தத்தில் கத்தோலிக்க அமைப்புகள் 7.9 கோடி டாலர் மதிப்புள்ள பொறுப்பை ஏற்றன. அதில் 2.5 கோடியை ‘இயன்ற அளவு முயன்று’ திரட்டுவதாகச் சொன்னார்கள். திரண்டது 40 லட்சத்துக்கும் குறைவு. 2015-ல் நீதிமன்றத் தீர்ப்பொன்று அவர்களை அக்கடப்பாட்டிலிருந்து விடுவித்தது. 2021-ல் பொதுமக்களின் சினம் எழுந்த பிறகு ஆயர்கள் 3 கோடி டாலர் தருவதாக அறிவித்தார்கள். நாடெங்கும் பேராலயங்களைக் கட்டிய திருச்சபை நீதிமன்றத்தின் வழியே அந்தக் கடப்பாட்டிலிருந்து விடுபட்டது இந்த வரலாற்றின் மிகத் தாழ்ந்த பக்கங்களுள் ஒன்று என்பது என் முடிவு.

அந்தச் சினத்தின் தொடக்கம் 2021 மே மாதம் காம்லூப்ஸில் வந்த அறிவிப்பு. பழைய பள்ளி வளாகத்தில் ரேடார் ஆய்வில் 215 குழிகள் இருக்கக்கூடும் என்றார்கள். பிறகு அந்த எண்ணை 200 என்று திருத்தினார்கள். அடுத்த மாதம் சஸ்காட்செவனின் கவசஸ் மக்கள் தம் இடுகாட்டில் குறியில்லாத 751 குழிகள் இருப்பதாக அறிவித்தார்கள். ரேடார் காட்டுவது மண் கலைந்த இடத்தை, எலும்பையல்ல. கவசஸ் இடுகாட்டில் பெரியவர்களும் இருக்கக்கூடும் என்று அம்மக்களே சொன்னார்கள். 1960களில் அங்கிருந்த கல்லறைக் குறிகளைத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் அகற்றியதையும் சொன்னார்கள். இந்த வேறுபாடுகளைப் பல செய்தித்தாள்கள் தவறவிட்டன. அதைப் பிடித்துக்கொண்டு குழந்தைகள் சாகவேயில்லை என்று சிலர் எழுதத் தொடங்கினார்கள். சாவுகளுக்கு ரேடார் தேவையில்லை. வின்னிப்பெக்கில் மனிட்டோபா பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய உண்மை, நல்லிணக்க மையம் திருச்சபைகளின், அரசின் காகிதங்களிலிருந்தே 4,100-க்கும் மேற்பட்ட பெயர்களைச் சேர்த்திருக்கிறது. 2019-ல் அப்போது தெரிந்த 2,800 பெயர்களை 50 மீட்டர் நீளச் சிவப்புத் துணியில் எழுதினார்கள். 2022 ஜூலை 25-ல் மஸ்க்வாச்சிஸில், அமலமரித் தியாகிகள் நடத்திய எர்மின்ஸ்கின் பள்ளி இருந்த இடத்தருகே, போப் பிரான்சிஸ் மன்னிப்புக் கேட்டபோது பெயர்கள் எழுதிய அந்தத் துணியை மக்கள் அவர்முன் கொண்டுபோனார்கள். அவர் குனிந்து முத்தமிட்டார். கிறிஸ்தவர் பலர் செய்த தீமைக்கு என்று அவர் சொன்னாரே தவிர, திருச்சபை என்ற நிறுவனம் செய்தது என்று சொல்லவில்லை என்ற குறையை ஆணையத் தலைவராக இருந்த மரே சின்கிளேர் சுட்டிக்காட்டினார்.

பிள்ளைகளை எண்ணும் வேலை பள்ளிகளோடு முடியவில்லை. 1950களிலேயே பல வதிவிடப் பள்ளிகள் குழந்தைகள் நலத் துறையின் காப்பகங்களாக மாறியிருந்தன. பள்ளிகள் மூட மூடப் பிள்ளைகள் வளர்ப்பு வீடுகளுக்குப் போனார்கள். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, கனடாவில் வளர்ப்பு வீடுகளில் இருக்கும் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 53.8 விழுக்காட்டினர் பூர்வகுடிகள். அவ்வயதுக் குழந்தைகளில் அவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை.

ஆணையத்தின் 94 அழைப்புகளில் கடைசி அழைப்பு புதிய குடிமக்களைப் பற்றியது. 2021 முதல் குடியுரிமை உறுதிமொழியில் பூர்வகுடிகளின் ஒப்பந்த உரிமைகளை மதிக்கும் சொற்கள் சேர்ந்திருக்கின்றன. போருக்குத் தப்பி வந்து ஸ்கார்பரோவில் குடியேறிய தமிழர்களின் உறவினர் இன்று அந்தச் சொற்களைச் சொல்லியே குடிமக்களாகிறார்கள். காணாமல்போன பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகங்களின் முன் நிற்பது என்னவென்று அவர்களில் பலருக்கு விளக்கவேண்டியதில்லை.

கடைசியாக இன்னொரு ஏட்டுக் குவியல் இருக்கிறது. வன்கொடுமைக்கு இழப்பீடு கோரியவர்கள் ஏறத்தாழ 38,000 பேர், தனித்தனி விசாரணைகளில், மூடிய அறையில், பெரும்பாலும் வாழ்நாளில் முதல்முறையாகச் சொன்ன வாக்குமூலங்கள் அவை. ஆய்வாளர்களுக்கு இவற்றைவிட முழுமையான சான்று கிடையாது. அரசின் ஆவணங்களாக இவற்றைக் காப்பாற்றவேண்டும் என்று அரசு வாதிட்டது. 2017-ல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. சொன்னவர் வைத்திருக்கக் கேட்டால் வைத்திருக்கவேண்டும், கேட்காவிட்டால் 2027 செப்டம்பர் 19-க்குப் பிறகு அழிக்கவேண்டும் என்றது. வரலாறு எழுதுபவன் என்ற முறையில் இந்தத் தீர்ப்பைப் படித்தபோது என் கை பதறியது. 15 டன் காகிதத்தின் அழிவைப் பற்றி எழுதிய கை இது. ஆனால் அன்று அழித்தது துறை. இன்று தன் வாக்குமூலம் இருக்கலாமா வேண்டாமா என்று படிவத்தில் குறியிடுவது, எட்டு வயதில் துணியில் எண் தைக்கப்பட்டிருந்த அதே மனிதர்.